சரிகை சுற்றிய கட்டிங் பிளேயர்

தேவேந்திரனுக்கு வயது நாற்பத்தொன்பது. அவருடைய வலது கைக்கு மட்டும் எழுபது ஆகிவிட்டது. இது அவர் தனக்குள் சொல்லிக்கொள்வது; வெளியே யாரிடமும் சொன்னதில்லை. யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்வதிலேயே எட்டு மாதமாக அவருடைய பாதித் தெம்பு போய்க்கொண்டிருந்தது.

பட்டு நெசவுத் தெருக்கள் நிறைந்த பிள்ளையார்பாளையத்தில் முப்பத்தொரு வருடமாக எலக்ட்ரீஷியன் வேலை. அந்தப் பக்கத்து வேலை மற்ற ஊர் வேலை மாதிரி இல்லை. தறிக்கு மேல் தொங்கும் விளக்கு, ஊடைநூலைக் குச்சியில் தாராகச் சுற்றும் மோட்டார், நெய்கிறவருக்கு ஒரு ஃபேன், அந்த ஃபேன் காற்று தறியில் விரித்த பாவு நூலில் படக்கூடாது என்று ஒரு சண்டை. இதெல்லாம் போகட்டும். மெயினை நிறுத்த விடமாட்டார்கள். அதுதான் பெரிய தொல்லை. உடல் ஒரு நிறம், முந்தி ஒரு நிறம் என்று வரும் சேலையில், இரண்டும் சேரும் இடத்தில் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக முடிய வேண்டும். பேட்னி போடுவது என்பார்கள். அந்த நேரத்தில் விளக்கு அணைந்தால் கணக்குத் தவறிப்போகும். சிலருக்கு அது அபசகுனம் வேறு. எந்த வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒருவர் பேட்னி போட்டுக்கொண்டுதான் இருப்பார். ஆகவே எலக்ட்ரீஷியன் வந்தால் அவன் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும் ஒயரிலேயே வேலை செய்துவிட்டுப் போக வேண்டும். மரஸ்டூல் போட்டுத் தருவார்கள், மோர் தருவார்கள், மெயினை மட்டும் தொட விடமாட்டார்கள். தேவேந்திரனும் செங்குந்தர் வீட்டுப் பிள்ளை. தறியின் அருமை தெரிந்தவர். இத்தனை வருடத்தில் அவர் மறுத்துப் பேசியதில்லை.

அவரிடம் இருந்தது ஒரே ஒரு எட்டு அங்குல கட்டிங் பிளேயர். ஒயரின் தோலை உரிக்க ஸ்ட்ரிப்பர் என்று ஒன்று உண்டு. அதை அவர் வாங்கியதே இல்லை. பிளேயரின் வெட்டும் வாயில் ஒயரை வைத்து, தோல் மட்டும் அறுபடும் அளவுக்கு அழுத்தி, சுண்டி இழுத்தால் செம்பு பளிச்சென்று வெளியே வரும். சின்ன ஒயர் என்றால் முன்பல்லே போதும். அந்தப் பல்லில் ஒரு சின்ன வெட்டு விழுந்து, சிரித்தால் தெரியும். ஸ்ட்ரிப்பர் என்பது கைப்பக்குவம் இல்லாதவன் வாங்குவது என்பது அவருடைய கட்சி. கர்வம்தான். இருக்கட்டும், மனிதனுக்கு ஏதாவது ஒன்றில் கர்வம் வேண்டாமா?

அந்தப் பக்குவம் இருந்தது விரல்களில். போன மாசியில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போகத் தொடங்கின. முதலில் காலையில் மட்டும். பிறகு வண்டி ஓட்டும்போது. பிறகு எப்போதும். சட்டைப் பித்தானைக் கண்ணாடியில் பார்த்துத்தான் போட முடிந்தது. மணிக்கட்டில் நரம்பு அழுந்திப்போயிருக்கிறது, வருடக்கணக்கில் இறுக்கிப் பிடித்ததால் வந்தது, கைக்கு மூன்று மாதம் ஓய்வு கொடுங்கள், அப்படியும் சரியாகாவிட்டால் சின்ன ஆபரேஷன் என்றார் டாக்டர். தேவேந்திரன் பணிவாகத் தலையாட்டினார். வெளியே வந்து அந்தச் சீட்டை நான்காக மடித்து டிரில் பிட் டப்பாவுக்குள் போட்டு மூடினார். மூடியதும் ஒரு பெரிய வேலை முடிந்த மாதிரி அவருக்குக் களைப்பாக இருந்தது.

மனைவி காவேரிக்குத் தெரிந்தால் அன்றோடு ஸ்டூல் ஏற விடமாட்டாள். அது ஒன்று. காவேரிக்குத் தெரிந்தது அவள் அண்ணன் குமரகுருவுக்குத் தெரியும். குமரகுருவுக்குத் தெரிந்தது தெருவுக்கே தெரியும். 'தேவேந்திரனுக்குக் கை வரலியாம்' என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், அப்புறம் யார் கூப்பிடுவார்கள்? காவேரி நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டு, வருகிறவர்களிடம் உடம்பு எப்படி என்று கேட்டுக்கொள்ளும் ஆளாகத் தான் ஆகிவிடுவோமோ என்று அவர் பயந்தார். உண்மையான பயம். சாவதற்குக்கூட அவர் அவ்வளவு பயந்தது கிடையாது.

கை உணராததால் வேலை கெட்டது. தோல் மட்டும் அறுபட வேண்டிய இடத்தில் செம்பும் பாதி அறுபட்டது. அப்படி அறுந்த ஒயரை முடுக்கினால் அன்றைக்கு விளக்கு எரியும். ஒரு மாதத்தில் அந்த இடம் சூடாகிக் கருகும். இரண்டு வீட்டில் ஸ்விட்ச் கருகியது. "இந்தக் காலத்து மால் சரியில்லமா" என்று ஸ்விட்சின் மேல் பழியைப் போட்டுவிட்டு, இனாமாக மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை.

பிளேயரும் கையிலிருந்து நழுவ ஆரம்பித்தது. ஒரு நாள் காவேரியின் கண்ணெதிரிலேயே தரையில் விழுந்தது.

"இன்னாங்க, கையில இருக்கறது கீழ வுழறது தெரியாம நிக்கிறீங்க?"

"கைப்பிடி வழவழன்னு ஆயிடுச்சு. உறையும் வெடிச்சிப்போச்சு பாரு" என்றார் தேவேந்திரன். பொய் இல்லை. கைப்பிடியின் சிவப்பு உறை தேய்ந்து, உள்பக்கம் நீளமாக வெடித்துத்தான் இருந்தது. பாதி உண்மையைச் சொல்வது முழுப் பொய்யைவிட வசதி.

காவேரி அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். மறுநாள் அவள் நெய்து முடித்த ஒரு சேலையைத் தறியிலிருந்து அறுத்தாள். அறுத்த பிறகு தறியில் ஒரு முழம் பாவு மிஞ்சும். நடுவில் வெறும் பட்டு, ஓரத்துக் கரையில் பட்டும் சரிகையும் கலந்த இழைகள். சரிகை உள்ள துண்டை யாரும் எறியமாட்டார்கள். வெள்ளி எடுக்க வாங்கிப் போக ஆள் வரும். காவேரி அந்தக் கரைத் துண்டையே எடுத்தாள். வெறும் பட்டு வழுக்கும், சரிகை கலந்தால்தான் பிடிப்பு இருக்கும் என்று நெய்கிறவளுக்குத் தெரியாதா? இழைகளைப் புரியாக முறுக்கி, இரண்டு கைப்பிடியிலும் நெருக்கமாகச் சுற்றி, நுனியை உள்ளே விட்டு இறுக்கிக் கொடுத்தாள். அரக்குச் சிவப்பில் இடையிடையே பொன் மினுங்கியது. பார்க்க அழகாகவே இருந்தது.

தேவேந்திரன் அதை வாங்கிப் பார்த்தார். உறைக்கு மேல் பட்டு. பட்டில் கரண்ட் பாயாது என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். சரிகை என்றால் வெள்ளிக் கம்பி என்பதும் இருவருக்கும் பால்குடியிலிருந்து தெரிந்த சங்கதிதான். ஆனால் அந்த ஊரில் சரிகையைச் சேலையாகப் பார்ப்பார்கள், தங்கமாகப் பார்ப்பார்கள், தரம் பார்க்கச் செங்கல்லில்கூட உரசுவார்கள். ஒயராக யார் பார்த்தார்கள்? நன்றாக இருக்கிறது என்று சொல்லி அவர் பையில் போட்டுக்கொண்டார். அவருக்கு அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பத்து நாள் ஓடியது. ஐப்பசி அடைமழை. ரேணுகாம்பாள் என்கிற வாடிக்கைக்காரர் வீட்டில் தார் சுற்றும் மோட்டாருக்குக் கரண்ட் வரவில்லை என்று கூப்பிட்டார்கள். போனால், உள்ளே இரண்டு தறி. ஒன்றில் பேட்னி.

"மெயினை மட்டும் நிறுத்தாதேப்பா தேவேந்திரா. காலைலேந்து குனிஞ்சிக்கினு முடிஞ்சிக்கினு இருக்கோம். இன்னும் பாதி இருக்குது" என்றாள் ரேணுகாம்பாள்.

"எந்த ஜன்மத்துல நிறுத்துனேன், சொல்லுக்கா" என்றார் அவர்.

மரஸ்டூல் போட்டார்கள். இடது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். அது பழைய ஆட்களின் பழக்கம், இரண்டு கையும் ஒரே நேரத்தில் எதிலும் படக்கூடாது. எல்லாம் சரியாகத்தான் செய்தார். ஆனால் காலையிலிருந்து அது நான்காவது வீடு. உடம்பு கெஞ்சியது. ஒரு நிமிடம், ஒரே நிமிடம், தோளைச் சுவரில் சாய்த்துக்கொண்டார். மழையில் ஊறி ஓதம் ஏறிய சுவர். பிளேயரால் ஒயரைக் கவ்வினார்.

அப்புறம் அவர் தரையில் கிடந்தார். தோளிலிருந்து விரல்வரை யாரோ உலக்கையால் இடித்த மாதிரி இருந்தது. நெய்கிறவர் காலை விட்டுக்கொள்ளும் தறிக் குழிக்கும் அவர் தலைக்கும் ஒரு சாண் இடைவெளி. ரேணுகாம்பாள் கத்தினாள், அவள் வீட்டுக்காரர் பேட்னியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். தண்ணீர் கொடுத்தார்கள். மெயினையும் நிறுத்தினார்கள். முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவை.

"ஒண்ணுமில்லக்கா, வழுக்கிடுச்சி" என்று எழுந்து உட்கார்ந்தார். அவர் கண் பிளேயர்மேல் இருந்தது. கைப்பிடியில் ஓர் இடத்தில் பட்டு கருகி, சரிகை மட்டும் கறுப்புக் கோடாகத் தெரிந்தது. பார்த்ததுமே புரிந்துவிட்டது. வெடித்த உறையின் வழியாகச் சரிகை உள்ளே இரும்பைத் தொட்டிருக்கிறது. அங்கிருந்து சுற்றிச் சுற்றி வெளியே வந்து விரலைத் தொட்டிருக்கிறது. பத்து நாளாக. இதுவரை மரஸ்டூல் காப்பாற்றியிருக்கிறது, இன்றைக்கு ஈரச் சுவர் கரண்டுக்கு வழி விட்டுவிட்டது.

அவர் நேராக ஷரீஃப் பாய் கடைக்குப் போனார். காமராஜர் தெருவில் சின்ன ஹார்ட்வேர் கடை. ஷரீஃபுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. எந்தச் சாமானையும் நான்கு குறை சொல்லாமல் விற்கமாட்டார். அந்த நேரம் அவர், புது வீட்டில் குடியேறியிருந்த ஒரு பேங்க்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். பேங்க்காரருக்கு முப்பத்திரண்டு சாமான் அடுக்கிய பெட்டி வேண்டுமாம்.

"வாணாம் சார். முப்பத்திரண்டுல முப்பது சும்மா கெடக்கும், ரெண்டு ஒடஞ்சிடும்" என்றார் ஷரீஃப். "வூட்டுக்கு ஒரு எட்டு இஞ்ச் பிளேயர், அளவு திருகி வெச்சிக்கிற சாதா ஸ்ட்ரிப்பர் ஒண்ணு, டெஸ்டர் ஒண்ணு. மெயினை நிறுத்திட்டு வேல செய்ங்க. உங்களுக்கு இன்னா, பேட்னியா போடறாங்க?"

பேங்க்காரர் போன பிறகு தேவேந்திரன் பிளேயரை மேஜைமேல் வைத்தார். ஷரீஃப் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். கருகிய இடத்தை நகத்தால் சுரண்டினார். அவர் முகம் மாறியது.

"யா அல்லா. சரிகையாடா இது?"

"தெரியாம சுத்திட்டா பாய்."

"அவளுக்குத் தெரியாது, சரி. நீ இன்னா பண்ணிக்கினு இருந்த? இத்தினி நாளு புடிச்சிருக்க, ஒரு தடவகூட சுருக்குனு இருந்திருக்காதா?"

"இருந்துச்சு பாய். கவனிக்கல."

ஷரீஃப் கருகிய பிளேயரை ஓரமாகத் தள்ளிவைத்தார். உள்ளே போய் நான்கு பிளேயர் எடுத்துவந்து வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றாக வாயை மூடி டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்தார். வெட்டும் விளிம்பில் வெளிச்சம் கசிந்த ஒன்றைத் தள்ளிவைத்தார். கைப்பிடிகளை விரித்து நடு ஆணியில் பக்கவாட்டு ஆட்டம் இருக்கிறதா என்று அசைத்துப் பார்த்தார், இன்னொன்று போயிற்று. பிறகு கல்லாவில் வைத்திருந்த பட்டுக் கண்டிலிருந்து ஒற்றை இழையை உருவி, மீதி இரண்டின் வாயில் கொடுத்து வெட்டினார். ஒன்று கத்தரித்தது. இன்னொன்று இழையை மடித்துக் கவ்விக்கொண்டு விட்டது. செம்புக் கம்பியை எந்த மொட்டைப் பிளேயரும் நசுக்கி அறுத்துவிடும். ஒற்றைப் பட்டிழையை வெட்டுவதில்தான் விளிம்பின் யோக்கியதை தெரியும் என்பார் ஷரீஃப். தறி ஊரில் கடை வைத்துக் கற்றுக்கொண்டது அது.

"இத்த எடுத்துக்கோ. உறை தோச்சி எடுத்தது இல்ல, ரெண்டு அடுக்கா வார்த்தது. மேல சிவப்பு, உள்ள மஞ்சள். மஞ்சள் தெரிஞ்சா அன்னிக்கே மாத்திடணும், சுத்தறது கித்தறதுலாம் கூடாது. ஆயிரம் வோல்ட் முத்திரை பாத்துக்கோ. வெரல் முன்னால போவாம இங்க தடுப்பு இருக்குது."

"ஸ்ட்ரிப்பரும் ஒண்ணு குடு பாய்."

ஷரீஃப் நிமிர்ந்தார். "பல்லு இன்னா ஆச்சு?"

வழக்கமாக இருவரும் சிரிக்கும் இடம் அது. தேவேந்திரன் சிரிக்கவில்லை. ஷரீஃப் இரண்டு ஸ்ட்ரிப்பரை எடுத்து வைத்தார். ஒன்றில் ஒயரின் கனத்துக்கு ஏற்ப வரிசையாகப் பள்ளங்கள், பக்கத்தில் எண்கள். சரியான பள்ளத்தில் வைத்தால் செம்பு அறுபடாது. பல வருடம் உழைக்கும். மற்றது தானாகவே கவ்வி, தானாகவே தோலை இழுத்துவிடும் வகை. தேவேந்திரன் இரண்டாவதை வாங்கி ஒரு துண்டு ஒயரைக் கொடுத்து அழுத்தினார். அழுந்தியதா, முழுக்க மூடியதா என்று கைக்குத் தெரியவில்லை. குனிந்து கண்ணால் பார்த்து, இன்னும் கொஞ்சம் அழுத்தி, மறுபடி பார்த்தார். தோல் வழுவழுவென்று கழன்று வந்தது. ஒரு செம்பு இழைகூட அறுபடவில்லை. எட்டு மாதத்துக்குப் பிறகு ஒரு ஒயர் சுத்தமாக உரிந்திருந்தது. அவருக்கு அழுகை வந்தது, இன்னொரு துண்டு ஒயரையும் எடுத்து உரித்தார்.

"கண்ணால பாத்து பாத்து அழுத்தறியேடா" என்றார் ஷரீஃப் மெதுவாக.

"புதுசு இல்ல, அதான் பாய்."

"இது வாயில பிளாஸ்டிக், தேயும். பழைய வூட்டு விறைச்ச ஒயருக்கு மக்கர் பண்ணும். பிளேடு தனியா கெடைக்குது, மாத்திக்கலாம். உறுதின்னா அந்தப் பள்ளம் போட்டதுதான். ஆனா உனக்கு இதுதான்" என்று கட்டிக் கொடுத்தார் ஷரீஃப். ஏன் உனக்கு இதுதான் என்று தேவேந்திரன் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மழை விட்டிருந்தது. காவேரி தறியிலிருந்து எழுந்து வந்து பையைப் பிரித்தாள். புது பிளேயரைப் பார்த்தாள்.

"எதுக்குங்க புதுசு? நான் சுத்திக் குடுத்தது இன்னா ஆச்சு?"

வரும் வழியிலேயே அவர் பதிலைத் தயார் செய்து வைத்திருந்தார். "அது சாணில வுழுந்துடுச்சி. நாறுது. தூக்கிப் போட்டுட்டேன்." ஒரு வார்த்தை உண்மையைச் சொன்னால் அவள் தாங்கமாட்டாள் என்று நினைத்தார். அதோடு, ஒன்றைச் சொன்னால் மற்றதையும் சொல்லவேண்டி வரும்.

"போச்சா! அண்ணனுக்கு அவ்ளோ புடிச்சிருந்துச்சே" என்றாள் காவேரி. "உங்களுதப் பாத்துட்டு, தன்னுதும் உறை வெடிச்சிக் கெடக்குது, சுத்திக் குடுன்னு நின்னுச்சு. முந்தா நாளுதான் சுத்திக் குடுத்தேன். இன்னிக்குத் தறி வெளக்குக்குப் புது ஒயர் போடப்போறேன்னு சொல்லிச்சு."

தேவேந்திரன் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எழுந்தார்.  "கிளம்பு" என்றார். செருப்பைத் தேடவில்லை. தெருவில் இறங்கிய பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். நடந்துகொண்டே, மூச்சு வாங்க, நான்கே வாக்கியத்தில். சரிகை இரும்பைத் தொட்டது. ஷாக் அடித்தது. ஸ்டூலிலிருந்து விழுந்தேன். குமரகுருவுதும் அப்படித்தான் இருக்கும்.  காவேரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவரைத் தாண்டி ஓடினாள். போன் செய்தால் குமரகுரு எடுக்கமாட்டார். நெய்யும்போது போனைத் தூர வைத்துவிடுகிற ஆள்.

மூன்று தெரு. நாற்பத்தைந்து வயதுப் பெண் சேற்றில் அப்படி ஓடுவதைப் பார்த்து ஆட்கள் கதவுக்கு வந்தார்கள். பின்னால் வந்த தேவேந்திரனுக்கு இடித்த தோள் ஒவ்வோர் அடிக்கும் வலித்தது. குமரகுரு செத்துக் கிடந்தால் இவள் உயிரோடு இருக்கமாட்டாள் என்று மட்டும் நினைத்துக்கொண்டே ஓடினார்.

குமரகுரு உயிரோடு இருந்தார். வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். காவேரி அவர் எதிரில் போய் நின்று, மூச்சு விட முடியாமல், அவருடைய தோளை இரண்டு கையாலும் தடவினாள்.

"இன்னாம்மா? யாருக்கு இன்னா?"

"பிளேயர் எங்க, அண்ணா?"

"அதுவா?" குமரகுரு டீயைக் கீழே வைத்தார். "நல்ல வேல பண்ணம்மா நீ. காலைல ஒயர்ல வெச்சதுமே வெரல்ல சுருக்குனு கடிச்சிது. ஒடனே தூக்கிப் போட்டுட்டேன். அப்புறம்தான் ஒறச்சிது, சரிகையாச்சேன்னு." சொல்லிவிட்டுத் தங்கை புருஷனைப் பார்த்துச் சிரித்தார். "நான் நெய்யறவன், எனக்கு ஒரு நொடில தெரிஞ்சிது. நீ எலக்ட்ரீஷியன். பத்து நாளு வெச்சிருந்தியே, மாப்ள, உனக்குத் தெரியலயா?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். தேவேந்திரன் பதில் தேடினார். ஸ்டூல் மரம், அதனால் அடிக்கவில்லை என்று சொல்லலாம். கைப்பழக்கம், காய்ப்பு ஏறிய கை என்று சொல்லலாம். எதைச் சொல்லவும் அவரிடம் தெம்பு இல்லை. "கவனிக்கல மச்சான்" என்றார், ஷரீஃபிடம் சொன்ன அதே பதிலை. காவேரி அவரைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள்.

அண்ணன் வீட்டு டீயைக் குடிக்காமலே அவள் கிளம்பினாள். அண்ணனுக்குச் சுற்றிக் கொடுத்த பிளேயரைக் கேட்டு வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். வழியெல்லாம் அவருக்கு இரண்டடி முன்னாலேயே நடந்தாள். தன்மேல் கோபம் என்று தேவேந்திரன் நினைத்தார். பிறகு, அவள்மேலேயே அவளுக்குக் கோபம் என்று நினைத்தார். ஏதாவது சமாதானம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

"உன்மேல தப்பு இல்ல காவேரி. நான்தான் பாத்திருக்கணும்."

"ம்" என்றாள்.

முனையில் தண்ணீர் லாரி ஒன்று தெருவை அடைத்துக்கொண்டு பின்னுக்கு வந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் வண்டிகள் ஹாரன் அடித்தன. இருவரும் ஒரு சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். டிரைவர் யாரையோ திட்டினான். அந்த யாரோ லாரியின் பின்பக்கம் தட்டித் திரும்பத் திட்டினான். தேவேந்திரன் அதை வேடிக்கை பார்த்தார். உட்கார இடம் கிடைத்தால் போதும் என்று இருந்தது. அன்றைய நாளில் எல்லாரும் பிழைத்துவிட்டார்கள். புது பிளேயர் இருக்கிறது, ஸ்ட்ரிப்பர் இருக்கிறது, ஒயர் இனிமேல் அறுபடாது. கைப் பிரச்சினையை இன்னும் ஒரு வருடம்கூட இப்படியே ஓட்டிவிடலாம் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை வந்தது.

காவேரி பக்கத்தில் நெருங்கி நின்றாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் தெருவில் வைத்து அவர் கையைப் பிடித்தவள் இல்லை. இப்போது பிடித்தாள். பிடித்தது அவருக்கு மணிக்கட்டில் தெரிந்தது. பரவாயில்லை, கோபம் தணிந்துவிட்டது என்று நினைத்தார். லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க திரும்பாதீங்க" என்றாள். "திரும்பாமச் சொல்லுங்க. எந்த வெரலப் புடிச்சிக்கினு இருக்கேன்?"

மரத்துப்போனவை மூன்று விரல்கள். மூன்றில் ஒன்று. யோசித்தார்.

"ஆள்காட்டி வெரல்" என்றார்.

 லாரி நகர்ந்தது, வண்டிகள் புறப்பட்டன, அவள் மட்டும் நகரவில்லை. அவர் திரும்பிப் பார்த்தார். காவேரி அழுதுகொண்டிருந்தாள். மூன்று விரல்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, நகம் சதையில் இறங்கும்படி, தன்னுடைய பலத்தையெல்லாம் போட்டுக் கிள்ளிக்கொண்டிருந்தாள். மெதுவாகத்தான் பிடித்திருக்கிறாள் என்று அவர் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தார்.